ஒப்பனை அறைக்கு ஒரு ஸ்பீக்கர்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அடுத்த முறை போனால் கொஞ்ச நேரம் மேடைக்குப் பின்னாலும் போய் நின்று பாருங்கள். வேஷம் கட்டுகிற இடத்துக்கும் ஆடுகிற இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு துணி மறைப்புதான். அதை ஒட்டியே பெட்டியும் மிருதங்கமும் முகவீணையும். முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டே, கட்டியக்காரன் எது வரைக்கும் வந்திருக்கிறான் என்று காதாலேயே தெரிந்துகொள்கிறார்கள். கேரளத்துக் கூத்தம்பலங்களிலும் இதே கணக்குதான். நேபத்யம் மேடைக்கு நேர் பின்னால், இரண்டு வாசல், நடுவில் மிழாவு.

சிமென்ட் அரங்கம் கட்டியபோது நாம் இதைத் தொலைத்தோம். ஒப்பனை அறை மாடிக்குப் போனது. ஏசி போட்டோம், கதவைச் சாத்தினோம். பிறகு "எங்க வரைக்கும் வந்துட்டாங்க?" என்று படியில் ஓடி ஓடிக் கேட்க ஒரு பையன் தேவைப்பட்டான்.

மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி ஒரு சின்ன அரங்கத்தில், அந்தப் பையனுக்குப் பதில் ஒரு ஸ்பீக்கர் வைக்கும் வேலை எனக்கு வந்தது. சுலபம் என்றுதான் நினைத்தேன். மிக்ஸரிலிருந்து ஒரு வயரை இழுத்து மாடியில் விட்டேன். ஒத்திகையில் பிரமாதமாகக் கேட்டது. நாடகத்தன்று கடைசிக் காட்சியில் அப்பா வேஷக்காரர் மைக் இல்லாமல், தாழ்ந்த குரலில் மகளைக் கூப்பிட வேண்டும். ஒலிக்காரர் முறைப்படி எல்லா மைக்கையும் மூடிவிட்டார். மாடியில் ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டது. மகள் வேஷக்காரி, ஏதோ மௌனக் காட்சி போல என்று உட்கார்ந்திருக்கிறாள். கீழே அப்பா சாகக் கிடந்தபடி மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது முறை சபையில் சிரிப்பு வந்துவிட்டது.

தப்பு ஒலிக்காரர் மேல் இல்லை, என் வயர் மேல். மிக்ஸருக்கு மைக்குகள் கேட்பது மட்டும்தான் தெரியும். நடிகருக்குத் தேவை மேடை கேட்பது: காலடி, நாற்காலி இழுபடும் சத்தம், மைக் வைக்காத குரல், சபையின் அமைதி. ஆகவே இதற்கென்று தனியாக, யாரும் மூட முடியாத ஒரு மைக் வேண்டும். மேடை முன்விளிம்புக்கு மேலே, மேடையைப் பார்த்த மாதிரி தொங்கவிட்டால் போதும். கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக் தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. கண்டென்சர் மைக் வாங்கும். ஆனால் அதற்கு ஆம்ப்ளிஃபையரிலிருந்தே 48 வோல்ட் பேன்டம் பவர் தர வேண்டியிருக்கும். பேட்டரி போடுகிற வகையும் உண்டு. ஆனால் நாடகத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் படியில் ஓட்டம்தான்.

"ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சா முடிஞ்சுது" என்று ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். ப்ளூடூத்தில் சத்தம் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். வசன நாடகத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. நாட்டியத்துக்கு? தாளத்தில் ஒரு அட்சரம் அரை செகண்ட் என்று வையுங்கள்; சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை 125 மில்லிசெகண்ட். ஸ்பீக்கரைக் கேட்டு எண்ணிக்கொண்டே ஓடி வருகிற பெண் ஒரு மாத்திரைக்கு மேல் பிந்தித்தான் காலை வைப்பாள். இரண்டு போன்களுக்குள் கால் போட்டு வைப்பதையும் முயன்று பார்த்தேன். பேச்சு போகிறது, மிருதங்கத்தை இரைச்சல் என்று நினைத்துப் போன் வெட்டிவிடுகிறது!

கடைசியில் கைகொடுத்தது நம்ம ஊர் கோயில் திருவிழாக்காரர்களின் பழைய வழிதான். அஹுஜா மாதிரி ஆம்ப்ளிஃபையர்களின் பின்னால் '100V' என்று ஒரு முனை இருக்கும். 20 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் கம்பியில் ஓடுவது சுமார் 1.6 ஆம்பியர். 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பினால் 0.2 ஆம்பியர்தான். கம்பியில் வீணாவது கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு அறுபது பங்குக்கு மேல் குறைகிறது. அதனால் மெல்லிய கம்பியே போதும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஜாக்கிரதை, 100 வோல்ட் ஷாக் அடிக்கும். முனைகளை மூடி வையுங்கள். மைக் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் வந்தது. ஆம்ப்ளிஃபையர் ஒரே இடத்தில் இருக்கிறது. மாடி ஸ்பீக்கருக்குத் தனி பிளக் கிடையாது. முன்பு மேடை ஒரு லைனிலும் மாடி ஜெனரேட்டர் லைனிலும் இருந்தபோது வந்த 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' இரைச்சல் காணாமல் போனது.

ஸ்பீக்கரை மேடை வாசல் பக்கம் திருப்பாதீர்கள். கதவு திறந்ததும் மைக் அதைக் கேட்டு ஊளையிடும். சத்தத்தைக் குறைக்கும் குமிழ் வைத்தால், மேக்கப் போடும்போது அரட்டை அடிக்க யாராவது பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நான் குமிழோடு சேர்த்து ஒரு ரெசிஸ்டரைப் போட்டேன். எவ்வளவு திருப்பினாலும் முழுசாக ஊமையாகாது. மூத்த நடிகர் ஒருவர் இன்னும் அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். அதற்கு மருந்து தெரியவில்லை.

கடைசியாக உப்புக் காற்று. கடற்கரையில் ஜாக் முனைகள் சீக்கிரமே பச்சை பிடிக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் மைக்கைக் கழற்றி, மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுகிறேன். புது செருப்பு வாங்கும்போது அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.