மாவு மூட்டைக்கு வருத்தம் வருமா?

அரை மூட்டை மாவு. அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, கை கால் இல்லை. அந்த மூட்டை வருத்தப்படுவதுபோல ஒரு படம் வரைய முடியுமா?

முடியும்! கார்ட்டூன் படத்துக்கு உயிரூட்டும் 'அனிமேஷன்' பயிற்சியில் இது ஒரு பழைய பாடம். மூட்டையின் மேல்முனைகள் தொங்கி, நடுப்பாகம் தளர்ந்து உட்கார்ந்தால் துக்கம். முனைகள் விரிந்து, உடல் நீண்டு எழும்பினால் ஆனந்தம். முகமே வேண்டாம்; இருக்கும் நிலையே உள்ளத்தைச் சொல்லிவிடும்.

முதலாளியின் மோட்டாரில்

இத்தகைய பாடங்கள் உருவான இடம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்குள்ள ஷுனார்ட் கலைப்பள்ளியின் இரவு வகுப்புகளுக்கு வால்ட் டிஸ்னி தம் சித்திரக்காரர்களை அனுப்பி வந்தார். அவர்களில் பலரிடம் மோட்டார் கிடையாது. முதலாளியே தம் வண்டியில் அழைத்துப் போய் விட்டதும் உண்டு! 1932 நவம்பரில் அப்பள்ளி ஆசிரியர் டான் கிரகாம் டிஸ்னி ஸ்டூடியோவுக்கே வந்து வகுப்பு நடத்தலானார்.

கிரகாம் சித்திரக் கலையில் தேர்ந்தவர். ஆனால், கார்ட்டூன் படத்தில் அனுபவம் இல்லாதவர். ஆகவே ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்தே கற்றார்கள். சினிமாப் படங்களை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, மனிதன் எப்படி நடக்கிறான், எப்படித் திரும்புகிறான் என்று ஆராய்ந்தார்கள்.

1933-ல் டிஸ்னியின் 'மூன்று பன்றிக்குட்டிகள்' வெளிவந்தது. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவைதான். ஆனால், விளையாட்டுப் பிள்ளை எது, பொறுப்புள்ள பிள்ளை எது என்று அவை நடமாடும் விதமே காட்டிக் கொடுத்துவிட்டது.

மனம் முந்தி, உடல் பிந்தி

1935 டிசம்பரில் கிரகாமுக்கு டிஸ்னி நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அசைவுக்குக் காரணம் மனம். முதலில் எண்ணம், பிறகுதான் உடல் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்துக்களில் ஒன்று.

திண்ணையில் இருக்கும் பாட்டி எழுந்திருப்பதைக் கவனியுங்கள். வாசலில் யாரோ வந்த சத்தம். முதலில் கண் திரும்புகிறது, பிறகு தலை. கை முழங்காலை நாடுகிறது. உடல் முன்னே சாய்கிறது. அப்புறந்தான் எழுகிறாள். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கண் திரும்பிய படத்துக்கும் தலை திரும்பிய படத்துக்கும் இடையே இரண்டு மூன்று படங்கள் இருந்தால்தான் பாட்டி யோசிப்பது நமக்குத் தெரியும். எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பினால் அது பாட்டியல்ல, பொம்மை!

பம்பாய்க்கு வந்த பாடம்

இந்தக் கல்வி நம் நாட்டுக்கும் வந்தது. 1956-ல் டிஸ்னி ஸ்டூடியோவில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இளைஞர்களைப் பயிற்றுவித்தார். மான் ஒன்றைப் பற்றிய புத்த ஜாதகக் கதை அங்கே கார்ட்டூன் படமாயிற்று. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னை சர்வகலாசாலைப் பட்டதாரியான இவர், பின்னர் இந்திய அனிமேஷன் கலையின் தந்தை எனப் போற்றப்பட்டார். 2014-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு?

1975-ல் கலிபோர்னியா கலைக் கல்லூரியில் டிஸ்னி கலைஞர்களின் துணையோடு பாத்திர அனிமேஷனுக்கென்றே தனி வகுப்புத் தொடங்கியது. ஆரம்ப கால மாணவர்களில் ஜான் லாசெட்டர் ஒருவர். 1986-ல் அவர் கம்ப்யூட்டரில் இரண்டு மேஜை விளக்குகளை வைத்து 'லக்ஸோ ஜூனியர்' என்ற குறும்படம் எடுத்தார். விளக்குகளுக்கு முகம் இல்லை. ஆனாலும் சின்ன விளக்கு தலையைத் தொங்கப் போடும்போது, விளையாட்டுப் பொருளை உடைத்துவிட்ட குழந்தையையே நாம் காண்கிறோம். மாவு மூட்டைப் பாடந்தான், வேறென்ன! 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' முழுதும் கம்ப்யூட்டரிலேயே தயாரான முதல் முழுநீளப் படம். அதை இயக்கியவரும் இவரே.

பெற்றோர் கேட்க வேண்டியது

இன்று நம் ஊர்களிலும் அனிமேஷன் பயிற்சி நிலையங்கள் பல உள்ளன. பெரும் பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், "என்ன சாப்ட்வேர் சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்கிறார்கள். சாப்ட்வேர் வேண்டியதுதான். ஆனால், அது சில வருஷங்களில் மாறிவிடும். இப்போது சொன்னபடி படத்தைத் தானே அசைத்துக் காட்டும் யந்திரங்களும் வந்துவிட்டன. அந்த விளக்கு எதற்காகத் தலை குனிய வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? அதைத் தீர்மானிக்கத் தெரிந்தவனுக்கே நாளைக்கும் வேலை இருக்கும். ஆகவே, "மனிதர்களைக் கவனித்து வரையப் பழக்குவீர்களா?" என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பணத்தைக் கட்டுமுன் ஒருமுறைக்கு இரு முறை யோசியுங்கள்.

பிள்ளைகள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பஸ்ஸைத் தவறவிட்டவர் நிற்பதற்கும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முகம் வரையாமல் காட்ட முயலுங்கள். சம்பளம் கட்டாமல் கற்கக்கூடிய முதல் பாடம் அது!