கிணற்று நீரில் ஆலை நஞ்சு: கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

குற்றாலத்தில் சாரல் பிடித்தால் சிற்றாற்றில் புதுநீர் வரும். தென்காசி வட்டாரக் குளங்கள் நிறையும், கிணறுகள் ஊறும். ஆனால் அந்த ஆறு சீவலப்பேரியில் தாமிரவருணியைச் சேரும் வரை வழியில் என்ன கலக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. நாக்கு உப்பைச் சொல்லும், அவ்வளவே.

விவசாயிகளுக்குப் பழக்கமான கருவி மின் கடத்துதிறன் மானி. இரு மின்முனைகளை நீரில் அமிழ்த்தி, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளப்பது இதன் வேலை. உப்பு கூடினால் அளவும் கூடும். மீட்டருக்கு 0.75 டெசிசைமன்சுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் எலுமிச்சையும் சின்ன வெங்காயமும் தாங்கமாட்டா.

திருப்பூர்ச் சாயக்கழிவில் உப்பு மிகுதி. ஆகவே நொய்யல் கரைக் கிணறுகளின் கேட்டை இந்த மானியே காட்டிக் கொடுத்தது. பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இராணிப்பேட்டை கதை வேறு. அங்கு மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து, குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கிற்று. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. இவ்வளவு சிறு அளவு மின் கடத்துதிறன் மானியின் முள்ளை அசைக்கவே அசைக்காது! ஆகவே பரிசோதனைச் சீட்டில் 'நல்ல நீர்' என்றிருந்தால், உப்பைப் பொறுத்து நல்லது என்றே பொருள் கொள்ள வேண்டும்.

குரோமியத்தின் நச்சு வடிவத்தை அறிய, அமிலம் சேர்த்த நீரில் டைபினைல் கார்பசைடு கரைசல் விடப்படும். நஞ்சு இருந்தால் நீர் செவ்வூதாவாக மாறும். நிறத்தின் அழுத்தத்தை ஒளிமானியில் வைத்து அளவு கணக்கிடலாம். புளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றுக்கு முனையில் தனிச் சவ்வு பொருத்திய மின்முனைகள் உள்ளன. அந்தச் சவ்வு தனக்குரிய அயனிக்கே முதன்மையாக இணங்கி மின்னழுத்தம் காட்டும். எல்லா நஞ்சையும் ஒரே குச்சி காட்டும் என்று எவராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மாதிரி எடுக்குமுன் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிடவும். புதிய பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மும்முறை அலசி ஒரு லிட்டர் பிடிக்கவும். பூச்சிமருந்துப் புட்டி கூடவே கூடாது. சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டவும். உப்பு, கார அமில நிலை இரண்டையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பார்ப்பார்கள். உலோக நஞ்சு பற்றி ஐயமிருந்தால், அருகில் எந்தப் பட்டறையின் கழிவு சேருகிறது என்பதைச் சொல்லி, எந்த உலோகம் என்று பெயர் குறித்துக் கேட்கவும். கேட்காததை எந்த ஆய்வுக்கூடமும் தேடாது.