மலிவு விலை மேசைத் துளையிடும் பொறி: பொருத்துதலும் மேம்படுத்தலும்

மேசைத் துளையிடும் பொறி என்பது, சுழலும் டிரில் பிட்டைச் செங்குத்தாகக் கீழிறக்கித் துளையிடும் சிறு இயந்திரமாகும். பட்டறை வழக்கில் இதைப் பெஞ்ச் டிரில் என்பர். அடித்தளம், தூண், மேசை, மோட்டாரைச் சுமக்கும் தலை ஆகியவை இதன் முதன்மைப் பகுதிகள். வீட்டுப் பட்டறைக்கென விற்கப்படும் மலிவான வகை பெரும்பாலும் 13 மி.மீ. சக், ஐந்து படிகள் கொண்ட கப்பிகள், ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் சிறு மோட்டார் ஆகியவற்றுடன் பெட்டியில் உதிரிகளாக வருகிறது. விலை உயர்ந்த பொறியிலும் ஏறத்தாழ இதே பாகங்கள்தான் உள்ளன. பாகங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன, யார் அதைச் சோதித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. மலிவுப் பொறியில் அந்தச் சோதனை வாங்கியவரின் பொறுப்பாகிவிடுகிறது.

பொருத்துதல்

துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டியான கிரீஸை மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் முற்றிலும் துடைக்க வேண்டும். அதனுள் வார்ப்பு மணலும் இரும்புத் துகளும் ஒட்டியிருப்பது வழக்கம். துடைத்த பரப்புகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

அடித்தளத்தைக் கனமான பலகை மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய பின்னரே தலையை ஏற்றுவது நல்லது. பொறியின் எடையில் பெரும்பகுதி மேலே இருப்பதால், கட்டப்படாத பொறி கைப்பிடியை வேகமாக இழுத்தாலே கவிழலாம். தலையைத் தூக்க இருவர் வேண்டும்.

சக்கைப் பொருத்துவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்பிண்டிலின் கூம்பும் சக்கின் கூம்பும் உராய்வினால் மட்டுமே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஸ்டீபன் மோர்ஸ் என்னும் அமெரிக்கரின் பெயரால் வழங்கும் மோர்ஸ் கூம்பில் சரிவு ஏறத்தாழ 20க்கு 1. இந்தச் சிறிய சரிவுதான் பிடிப்புக்குக் காரணம். எண்ணெய்ப் படலமோ ஒரு தூசியோ இடையில் இருந்தால் சக் நழுவும் அல்லது கோணலாக அமரும். எனவே இரு கூம்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, சக்கின் தாடைகளை முழுவதுமாக உள்ளே இழுத்து, மரச்சுத்தியால் கீழிருந்து இரண்டு மூன்று தட்டு தட்ட வேண்டும். இரும்புச் சுத்தி சக்கின் முகத்தைக் கெடுக்கும்.

ஆட்டத்தைக் கண்டறிதல்

பொறி ஓடும்போது பிட்டின் முனை வட்டமிட்டால் துளை பெரிதாகும். உடனே புதிய சக் வாங்கிவிடுவது பலரின் பழக்கம். பெரும்பாலும் இது அவசரம். ஆட்டம் சக்கிலும் இருக்கலாம், ஸ்பிண்டிலிலும் இருக்கலாம், இரண்டுக்கும் இடையில் ஒட்டிய அழுக்கிலும் இருக்கலாம்.

பிரித்தறிய 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் ஒன்று போதும். நேரான உருண்டை ஊசி ஒன்றைச் சக்கில் பிடித்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சுற்றி, முள் அதிகம் ஏறும் இடத்தைச் சக்கிலும் ஸ்பிண்டிலிலும் குறிக்க வேண்டும். பிறகு சக்கைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டி மீண்டும் அளக்க வேண்டும். உயர்ந்த இடம் சக்கோடு நகர்ந்திருந்தால் குறை சக்கினுடையது. ஸ்பிண்டிலில் குறித்த பக்கத்திலேயே நின்றால் சக்கை மாற்றிப் பயனில்லை. அப்போது கூம்பில் மேடாக எழும்பிய கீறல் இருக்கிறதா, பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் உருளையைக் குவில் என்பர். அதைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் அசைத்தால் மலிவுப் பொறிகளில் ஆட்டம் கையிலேயே தெரியும். பல பொறிகளில் தலையின் பக்கத்தில் இதற்கென ஒரு திருகும் பூட்டு நட்டும் உள்ளன. குவில் தடையின்றி நகரும் எல்லை வரை திருகை முடுக்கி நட்டைப் பூட்டினால், செலவின்றியே பெரிய முன்னேற்றம் கிடைக்கும்.

மேசையைச் செங்கோணத்துக்குக் கொண்டுவருதல்

மேசையில் ஒட்டியிருக்கும் பாகை அளவுகோலை நம்பக் கூடாது. தடித்த கம்பி ஒன்றை வளைத்து ஒரு முனையைச் சக்கில் பிடித்து, மறுமுனை மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி மேசையைத் தொடும்படி வைத்துக் கையால் சுற்ற வேண்டும். நான்கு திசைகளிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் மேசை சரி. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 0.2 மி.மீ. வேறுபாடு இருந்தால், 200 மி.மீ. தொலைவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குச் சாய்வு. 50 மி.மீ. ஆழத் துளை 0.05 மி.மீ. மட்டுமே விலகும். வீட்டு வேலைக்கு இது தாராளம்.

இடவலச் சாய்வை மேசைக்கு அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பின் சாய்வுக்கு அப்படி ஏற்பாடு எதுவும் இருப்பதில்லை. தூணின் அடியில் தகடு வைத்தால் இது தீரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். தூண் சாய்ந்தால் அதைப் பற்றியிருக்கும் தலையும் மேசையும் சேர்ந்தே சாயும். அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் மாறாது. மெல்லிய தகட்டை மேசைக்கும் அதைத் தாங்கும் கைக்கும் இடையில் வைத்தால்தான் பலன் உண்டு.

பற்சட்டம் இல்லாத மிக மலிவான பொறிகளில் பிடியைத் தளர்த்தியதும் மேசை சரிந்து விரலை நசுக்கும். மேசைக் கைக்குக் கீழே தூணில் ஒரு வளையப் பிடியை இறுக்கி வைத்தால் இது நேராது.

தூணுக்குள் கான்கிரீட் நிரப்புவது புகழ்பெற்ற ஒரு மேம்பாடு. 60 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் கொண்ட எஃகுக் குழாயில் கணக்கிட்டால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்களவே கூடுகிறது. அதிர்வு அடங்குவது உண்மை. ஆனால் அந்த உழைப்புக்குப் பதிலாக, பெரிய துளைக்கு முன் சிறு வழித்துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் தூண் வளைவதே குறைந்துவிடும்.

வேகம்

நிமிடச் சுற்றுகளைக் கணக்கிட, மீட்டரில் தந்த வெட்டுவேகத்தை 1000ஆல் பெருக்கி, மி.மீ. விட்டத்தையும் 3.14ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். மென் எஃகுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொண்டால் 6 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1,330 சுற்றுகள், 13 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 610. 50 மி.மீ. வட்டரம்பத்துக்கு 160 போதும். மலிவுப் பொறிகள் பலவற்றில் அவ்வளவு குறைந்த வேகம் கிடையாது. மீறிச் செய்தால் பற்கள் நீலம் பாய்ந்து மழுங்கும்.

மின்விசிறி ரெகுலேட்டர் போன்ற ஒன்றை இணைத்து வேகத்தைக் குறைக்க முயலக் கூடாது. கொண்டென்சருடன் ஓடும் ஒருமுனை மோட்டார் அதனால் வலுவிழந்து சூடேறி எரியலாம். 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை ஏற்று மும்முனையாகத் தரும் அதிர்வெண் மாற்றியும், அதற்கேற்ற மும்முனை மோட்டாரும் பொருத்துவதே முறை. அந்தச் செலவு பொறியின் விலையை எட்டலாம் என்பதால், பெல்ட்டைப் படி மாற்றிப் போடும் சிரமத்தையே பலர் ஏற்கிறார்கள். இரு கப்பிகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துவிட்டாலே இரைச்சல் பாதியாகக் குறைவதும் உண்டு.

பாதுகாப்பு

மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் முதலில் மாற்ற வேண்டியது சுவிட்ச். சாதாரண சுவிட்சைப் போட்ட நிலையிலேயே விட்டுவிட்டால், மின்சாரம் திரும்பும்போது பொறி தானாக ஓடத் தொடங்கும். அப்போது பிட்டை மாற்றிக்கொண்டிருப்பவரின் கை சக்கில் இருக்கும். மின்சாரம் போனதும் விடுபட்டு, மீண்டும் அழுத்தினால்தான் இணையும் சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது. மூன்று முள் பிளக்கில் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம்.

மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடுவதே இப்பொறியில் மிக ஆபத்தான வேலை. பிட் மறுபுறம் வெளிப்படும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். வைஸில் பிடிக்க வேண்டும், அல்லது மரப்பலகை மேல் வைத்துக் கிளாம்ப் போட வேண்டும். ஸ்பிண்டில் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால், நீண்ட துண்டின் வால் தூணின் இடப்பக்கத்தைத் தொட்டபடி இருக்கட்டும். பிட் கவ்வினாலும் தூண் தடுத்துவிடும். கையுறை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சக்கின் அருகே வரக் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும்.

இதே பொறியில் மில்லிங் கட்டரை மாட்டிப் பள்ளம் வெட்டும் ஆசை பலருக்கு எழுகிறது. மில்லிங் பொறியில் கூம்பை மேலிருந்து ஒரு கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். இங்கே அது இல்லை. பக்கவாட்டு விசையில் கூம்பின் பிடி தளர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும் சக் கட்டரோடு கழன்று விழும்.