மைக்கோடும் வெண்கடதாசியும்: ரொக்கோக்கோக் காலத்து உருவ வரைவு

18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரான்சில் தோன்றி ஐரோப்பாவெங்கும் பரவிய ரொக்கோக்கோ என்னும் கலைப்பாணி ஒயிலையும் மென்மையையும் உயிராகக் கொண்டது. அக்காலத்துப் பெருமக்கள் தம் உருவை எண்ணெய் வண்ணத்திலும் உலர் வண்ணக்கோலிலும் தீட்டுவித்து மகிழ்ந்தனர். வெனிசு நகரத்து ரோசால்பா கரியேரா (1673–1757) என்னும் பெண்மணி வண்ணக்கோல் கொண்டு தீட்டிய முகங்களை அரசவைகளும் விரும்பின. பொருள் கொடுத்துப் பெறும் ஓவியத்திலே பொலிவு முதலிடம் பெறுதல் இயல்பே. இறகுப்பேனாவினால் சிறு கடதாசியில் வரையப்பட்ட உருவங்களோ பெரும்பாலும் ஓவியர் தம் பயிற்சிக்கும் இன்பத்திற்குமாக எழுந்தவை. முகமன் கூறும் கடப்பாடு அவற்றிற்கில்லை.

இவ்வரைவின் முறை எளிது, பயில்வதோ அரிது. முதலிற் கருஞ்சுண்ணக்கோலால் உருவின் நிலை மெல்லெனக் குறிக்கப்படும். அதன்மேல் வாத்திறகுப் பேனாவாற் கோடு இடப்படும். கையழுத்தத்திற்கேற்ப அக்கோடு தடித்தும் மெலிந்தும் செல்லும். பின்னர் நீர் கலந்த மை தூரிகையாற் பூசப்படும். முதற்பூச்சு உலர்ந்தபின் அதன்மேலிடும் பூச்சு நிழலை ஆழமாக்கும். ஒளியைக் காட்ட வெண்ணிறம் பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. பூசாது விடப்பட்ட கடதாசியே நெற்றியின் ஒளியாகும், மூக்கின் மேட்டு விளிம்பாகும். வீழ்ந்த மையை அழித்தல் அரிது. ஆதலின் எங்கே பூசுவது என்பதினும் எங்கே பூசாது விடுவது என்பதையே ஓவியர் முன்னர்த் துணிதல் வேண்டும்.

இத்துணிவுக்குச் சிறந்த சான்றாவார் வெனிசு நகரத்து ஜொவான்னி பத்திஸ்தா தியெப்போலோ (1696–1770). 1750 முதல் 1753 வரை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் அரண்மனையிலே மாபெரும் விதான ஓவியங்களைத் தீட்டிய அதே கை, முதியோர் தலைகளையும் நகையுருவங்களையும் மையால் வரைந்தது. அந்நகையுருவங்களிற் பலவற்றிற்குப் பெயரில்லை. கூனிய முதுகு, பொய்ம்முடி, முக்கோணத் தொப்பி, தொளதொளத்த அங்கி ஆகியவற்றோடு சிலர் புறங்காட்டியே நிற்கின்றனர். எனினும் ஒவ்வொருவரும் தனிமனிதராகவே தோன்றுகின்றனர். ஒருவரின் உருவம் முகத்தில் மட்டுமன்று, நிற்கும் நிலையிலும் உண்டு என்பதை இவை காட்டும். இம்மரபை மைந்தர் ஜொவான்னி தொமெனிக்கோ (1727–1804) தொடர்ந்து பேணினார்.

அக்காலத்து மையின் இயல்பும் அறியற்பாலது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை எழுதியபின் கருமையடைந்து, ஆண்டுகள் செல்லப் பழுப்பாகும்; சிலவேளை கடதாசியையே அரித்துவிடும். விறகுப் புகைக்கரியிலிருந்து பெற்ற மையோ தொடக்கத்திலேயே பழுப்பானது. ஆதலின் இன்று காணும் பழுப்பெல்லாம் ஓவியர் கருதிய நிறம் எனக் கோடல் தவறு. ஒளி பட்டால் மங்குவன ஆதலின், அரும்பொருட்சாலைகள் இவற்றை மங்கிய ஒளியிற் சிலகாலம் காட்டிப் பின்னர் இருளில் வைத்துக் காக்கின்றன. பெரும்பொருள் கொடுத்து உருவெழுதுவித்த செல்வரோடு, பெயர் மறைந்த இத்தெருமாந்தரும் காலத்தை வென்று நிற்பது அக்காப்பினாலேயாம்.