பிலிப்பைன்ஸ் திரைப்படப் பாதுகாப்பு

பிலிப்பைன்ஸ் திரைப்படப் பாதுகாப்பு என்பது அந்நாட்டில் எடுக்கப்பட்ட பழைய திரைப்படங்களின் படச்சுருள்களைத் தேடிச் சேகரித்தல், சிதையாது காத்தல், சீரமைத்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். ஆசியாவில் மிகுதியாகப் படங்களைத் தயாரித்த நாடுகளுள் பிலிப்பைன்சும் ஒன்றாகும். ஆயினும் இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கு எடுக்கப்பட்ட முழுநீளப் படங்களுள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே இன்று எஞ்சியுள்ளன. பிற்காலப் படங்களுள்ளும் சில, வெளிநாடுகளில் படி இருந்தமையாலேயே தப்பின.

இழப்பு

ஒசே நெப்போமுசேனோ இயக்கி 1919 செப்டம்பர் 12 அன்று வெளியான "தலாகாங் புக்கிட்" (நாட்டுப்புற இளம்பெண்) பிலிப்பினோ ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படமாகக் கருதப்படுகிறது. இது ஓர் இசைநாடகத்தைத் தழுவியது. ஊமைப்படமாதலால் அதன் கதாநாயகி அத்தாங் டெ லா ராமா திரையரங்கில் நேரில் நின்று பாடினார். இப்படத்தின் படி ஒன்றேனும் கிடைக்கவில்லை. 2019 ஆம் ஆண்டில் அந்நாடு தனது திரைப்பட நூற்றாண்டைக் கொண்டாடியது. கொண்டாட்டத்துக்குக் காரணமான படத்தைப் பார்க்க எவருக்கும் வாய்க்கவில்லை.

1945 இல் நடந்த மணிலாச் சண்டையில் நகரின் பெரும்பகுதி அழிந்தபோது படச்சுருள்களும் அழிந்தன. எனினும் போரை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. அக்காலப் படச்சுருள்கள் செல்லுலோசு நைத்திரேட்டால் ஆனவை, எளிதில் தீப்பற்றுபவை. பின்னர் வந்த செல்லுலோசு அசட்டேட்டுச் சுருள் தீயில் பாதுகாப்பானது. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் அதனைச் சிதைத்து அசட்டிக் அமிலத்தை வெளியேற்றும். வெளியேறிய அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பெட்டியைத் திறந்தவுடன் வினிகர் வாடை வீசுவதால் இதனை "வினிகர் நோய்" என்பர். குளிரூட்டப்பட்ட, ஈரமற்ற அறையில் வைத்தால் இது வெகுவாகத் தாமதமாகும். மணிலாவின் தட்பவெப்பம் இதற்கு நேர்மாறானது. மேலும், ஓடி முடிந்த படத்தைச் சேமித்து வைப்பது தயாரிப்பாளர்களுக்கு வீண்செலவாகவே தோன்றியது.

1980களின் தொடக்கத்தில் அரசு ஒரு திரைப்படக் காப்பகத்தை ஏற்படுத்தியது. 1986 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது செயலிழந்தது. தேசியத் திரைப்படக் காப்பகம் 2011 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் சிதைந்தவற்றை மீட்க வழியில்லை.

வெளிநாடுகளில் தப்பியவை

1937 இல் வெளியான "சம்போவாங்கா" என்னும் படத்தின் படி அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. மனுவேல் கொண்டே இயக்கிய "செங்கிசுக்கான்" (1950) 1952 இல் வெனிசு திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அவ்விழாவை நடத்தும் அமைப்பின் சேகரிப்பில் தங்கிய படியைக் கொண்டு படம் சீரமைக்கப்பட்டு, 60 ஆண்டுகளுக்குப் பின் 2012 இல் அதே விழாவில் மீண்டும் காட்டப்பட்டது.

லினோ புரோக்காவின் "மைனிலா சா மங்கா கூக்கோ நாங் லிவானாக்" (ஒளியின் நகங்களில் மணிலா, 1975) படத்தின் மூல எதிர்ச்சுருள், அவர் சார்பில் பிரித்தானியத் திரைப்பட நிறுவனக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. புரோக்கா 1991 இல் விபத்தில் இறந்தார். மார்ட்டின் இசுக்கோர்செசி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளையின் உதவியுடன் இத்தாலியின் பொலோனா நகர ஆய்வகம் அச்சுருளைச் சீரமைத்தது. அப்படம் 2013 இல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

சீரமைப்பு முறை

முதலில் சுருள் கழுவப்பட்டு, கிழிந்த துளைகளும் ஒட்டுகளும் கையால் சரிசெய்யப்படும். பின்னர் ஒவ்வொரு சட்டகமும் வருடியால் எண்ணிம வடிவுக்கு மாற்றப்படும். நொடிக்கு 24 சட்டகங்கள் என்பதால் 125 நிமிடப் படத்தில் 1,80,000 சட்டகங்கள் இருக்கும். கீறல்களை மென்பொருள் நீக்கினாலும், அது மழைத்துளியையும் கீறலெனக் கருதி அழித்துவிடக்கூடும். ஆதலால் மனிதக் கண்காணிப்புத் தேவை. நிறத்தைச் சரிசெய்வது இதனினும் கடினம். மங்கிய சுருளில் மூல நிறம் எதுவென்று அறிய, பெரும்பாலும் ஒளிப்பதிவாளரின் நினைவையே நம்பவேண்டியுள்ளது.

உள்நாட்டு முயற்சி

ஏபிஎசு-சிபிஎன் தொலைக்காட்சி நிறுவனம் 2011 இல் தனது சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இசுமாயில் பெர்னால் இயக்கி நோரா அவுனோர் நடித்த "இமாலா" (அதிசயம், 1982) இத்திட்டத்தின் தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. 2020 மே மாதம் ஒளிபரப்பு உரிமம் காலாவதியானதால் அந்நிறுவனத்தின் அலைவரிசை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு சூலையில் நாடாளுமன்றக் குழு புதிய உரிமம் வழங்க மறுத்தது. தொடர்ந்து வந்த பணியாளர் குறைப்பு சீரமைப்புப் பிரிவையும் பாதித்தது. ஒரு நாட்டின் திரைப்பட மரபில் பெரும்பங்கு தனியார் நிறுவனம் ஒன்றின் வருவாயைச் சார்ந்திருந்தது இதனால் வெளிப்பட்டது.

1970, 1980களின் பல படங்களுக்குச் சுருள் எதுவும் எஞ்சவில்லை. வீட்டு ஒளிநாடாப் படிகள் மட்டுமே உள்ளன. காந்த நாடாக்களும் காலப்போக்கில் அழிபவையே.