ஊமைப்படம் பேச வைத்த தமிழ்



முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் ரயிலே இல்லாத இந்தத் தீவில் வந்து குடியேறியிருக்கிறேன். "சார், எந்த ஸ்டேஷன்ல இறங்கினீங்க?" என்று சங்கத்து நண்பர்கள் கேலி செய்வார்கள். மகள் வீடு இங்கே, பேரன் இங்கே, ஆகவே நானும் இங்கே.

பேரனுக்கு ஒன்பது வயது. அவனுடைய கூட்டாளிகளில் வங்காளி உண்டு, தெலுங்கு உண்டு, மலையாளம் உண்டு. எல்லாருக்கும் பொது மொழி இந்தி. நான் தமிழில் கேட்டால் அவன் இந்தியில் பதில் சொல்வான். தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

சென்ற மழைக்காலத்தில் மூன்று நாள் விடாத மழை. இன்டர்நெட் போய்விட்டது. மாப்பிள்ளை ஒரு பழைய படத்தின் டிஸ்க்கை எடுத்துப் போட்டார். படத்தின் பெயர் 'ஷிராஸ்'. 1928-இல் வெளிவந்த ஊமைப்படம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "ஆவாஸ் நஹீ ஹை, தாத்தா!" என்று பேரன் எழுந்துவிட்டான். பேச்சு இல்லையாம்!

இந்தப் படத்தைப் பற்றிச் சில விவரங்கள். இது பிரிட்டிஷ் இன்ஸ்ட்ரக்‌ஷனல் ஃபிலிம்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியும், ஜெர்மனியின் ஊஃபா கம்பெனியும், நம் நாட்டு ஹிமான்சு ராயும் சேர்ந்து எடுத்த படம். இயக்கியவர் ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர். ஆனால் நடிகர்கள் அனைவரும் இந்தியர்கள், படம் பிடித்த இடங்களும் இந்தியாவிலேயே. கதை நிரஞ்சன் பால் எழுதிய மேடை நாடகத்திலிருந்து எடுத்தது.

இந்த நிரஞ்சன் பால் யார் தெரியுமா? லால்-பால்-பால் என்று நாம் பள்ளியில் படித்தோமே, அந்த விபின் சந்திர பாலின் மகன். விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடியதை ஒட்டித்தான் 1908 மார்ச்சில் நம் வ.உ.சி. கைதானார். அந்த ஆண்டு தந்தையுடன் லண்டன் போன மகன், அங்கே இந்தியா ஹவுஸ் மாணவர்களோடு பழகினார். வரகனேரி வ.வே.சு. ஐயர் இருந்ததும் அந்த வட்டத்தில்தான், சாவர்க்கர் இருந்ததும் அங்கேதான். 1909-இல் பிரைட்டன் கடற்கரையில் சாவர்க்கர் தாய்நாட்டை நினைத்துக் கடலை நோக்கி மராத்தியில் ஒரு பாட்டுக் கட்டியபோது பக்கத்தில் இருந்தவர் இந்த நிரஞ்சன் பால்.

பிறகு வழிகள் பிரிந்தன. சாவர்க்கர் 1911-இல் கப்பலில் வந்து இறங்கியது நாம் நாள்தோறும் கடந்து போகும் செல்லுலார் சிறையில். ஐயர் 1910-இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். நிரஞ்சன் பால் பேனாவைப் பிடித்தார். 1922-இல் அவருடைய 'தி காடஸ்' நாடகம் இந்திய நடிகர்களைக் கொண்டு லண்டன் மேடையில் நடந்தது. அதில் நடித்தவர்தான் ஹிமான்சு ராய். அந்த நட்பில் 1925-இல் 'லைட் ஆஃப் ஏஷியா', அதன்பின் 'ஷிராஸ்', 1929-இல் 'எ த்ரோ ஆஃப் டைஸ்' என்று மூன்று ஊமைப்படங்கள் பிறந்தன.

ரயில்வேக்காரனுக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. பேசும் படம் வந்தபின், 1936-இல் பாம்பே டாக்கீஸ் எடுத்த 'அச்சூத் கன்யா'வுக்கும் கதை இவருடையதே. கதையின் பெயர் 'தி லெவல் கிராசிங்'! கதாநாயகி ஒரு ரயில்வே கேட் கீப்பரின் மகள். என் செக்‌ஷனில் வெயிலிலும் மழையிலும் கொடி பிடித்து நின்ற எத்தனையோ கேட் கீப்பர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்ணை அந்தக் காலத்திலேயே கதாநாயகி ஆக்கியவருக்கு ஒரு வணக்கம்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். எழுந்து போன பையனை மடியில் இழுத்து உட்கார வைத்தேன். அந்த நாளில் தமிழ்நாட்டு டென்ட் கொட்டகைகளில் ஊமைப்படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார். படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அவர் வாய்தான் வசனம். "இன்னிக்கு அந்த வேலை தாத்தாவுக்கு" என்று ஆரம்பித்தேன்.

குயவர் வீட்டுப் பையன் ஷிராஸ். கொள்ளையர் தாக்கிய வண்டிக் கூட்டத்தில் தனித்துப் பிழைத்த ஒரு பெண் குழந்தை அவன் வீட்டில் வளர்கிறாள். அவள் மேல் அவனுக்கு உயிர். அவளை அடிமை வியாபாரிகள் தூக்கிப் போய் இளவரசன் குர்ரமிடம் விற்கிறார்கள். தேடிப் போன ஷிராஸுக்கு யானைக் காலில் மிதிபட வேண்டும் என்று தண்டனை. யானை காலைத் தூக்குகிறது. நான் வேண்டுமென்றே சொல்லுவதை நிறுத்தினேன்.

"தாத்தா, யானை மிதிச்சிடுமா? சொல்லு தாத்தா!"

தமிழ்! முழு வாக்கியம்! அடுப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பின் படம் முடியும்வரை அவன் கேள்விகள் ஓயவில்லை. அந்தப் பெண்தான் மும்தாஜ் ஆகிறாள். அவள் மறைந்த பிறகு, பார்வை இழந்து முதுமையடைந்த ஷிராஸ்தான் தாஜ்மகாலுக்கு மாதிரி செய்து கொடுக்கிறான் என்று கதை. இது கற்பனை, சரித்திரம் அல்ல என்பதையும் அவனுக்குச் சொல்லிவிட்டேன். "அவனுக்குக் கண்ணு தெரியாதே, எப்படிக் கட்டினான்?" என்று கேட்டான். "மனசுல இருந்ததைக் கட்டினான்" என்றேன்.

இந்தப் படத்தை இங்கிலாந்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்து, 2017-இல் புதுப்பித்து, அனுஷ்கா சங்கரின் இசையோடு மீண்டும் வெளியிட்டது. அதனால்தான் என் பேரன் பார்த்தான். நம் கதை என்ன? நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்கிறார்கள். அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' புனே காப்பகத்தில் இருப்பது நம் பாக்கியம். போன படத்தை இனி யாராலும் மீட்க முடியாது.

மொழியும் அப்படித்தான். நம் வீட்டில் அது இன்னும் போய்விடவில்லை, பிள்ளைகளின் காதில் இருக்கிறது. அதை வாய்க்குக் கொண்டுவரப் பாடப் புத்தகமும் வேண்டும், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் வேண்டும். அதோடு, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல ஒரு பெரியவரும் வேண்டும். தாத்தா பாட்டிமார்களே, வாரம் ஒரு நாள் ஒரு பேசாத படத்தைப் போடுங்கள். சாப்ளின் போதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். வசனம் உங்களுடையதாக இருக்கட்டும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமைதோறும் ஊமைப்படம். வங்காளிப் பையனும் வருகிறான். போன வாரம் அவனும் "அப்புறம்?" என்று கேட்டான்.