பக்கத்து வீட்டுப் போருக்குள் நம் மழை

சென்னை அம்பத்தூரில் 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு வருடம் விழும் மழை 1 லட்சம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் லாரி எட்டு நடை வந்து கொட்டிய மாதிரி. குழாய் வழியே இறக்கி, ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குள் விட்டால் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும். அப்படியிருந்தும் பெரும்பாலோர் தாமாகக் குழி வெட்டவில்லை. ஏன்?

நிலத்தடி நீருக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாதே! ஒரு கணக்குப் போடுவோம். குழிக்கு 10,000 ரூபாய் செலவு. ஊறும் நீரின் மதிப்பு 12,000. அது எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதிப் பாதி. இருவரும் வெட்டினால் ஆளுக்கு 2,000 லாபம். அவர் வெட்டி, நான் சும்மா இருந்தால் எனக்கு 6,000. அவர் வெட்டாமல் நான் மட்டும் வெட்டினால் 4,000 நஷ்டம். ஆக, அவர் என்ன செய்தாலும் சும்மா இருப்பதில் எனக்கு 4,000 மிச்சம். அவருக்கும் இதே கணக்குதான்; முடிவில் இருவருமே வெட்டுவதில்லை. இப்படி ஒருவர் முடிவு இன்னொருவர் லாபத்தை மாற்றும் நிலைமைகளை ஆராயும் கணிதமே ஆட்டக் கோட்பாடு. தனியாக மனம் மாறி எவரும் ஆதாயம் காண முடியாத இந்த முட்டுச்சந்தின் பெயர் நாஷ் சமநிலை. 1950இல் ஜான் நாஷ் வகுத்தது.

2003 ஜூலையில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. செய்யாதவர் வீட்டில் உள்ளாட்சியே குழி அமைத்து, செலவைச் சொத்து வரி மாதிரி வசூலிக்கலாம். கிடுக்கிப்பிடிதான் என்று தோன்றும். ஆனால் ஆள் வந்தால் கட்டப்போவது எப்படியும் ஆகும் செலவு. வராவிட்டால் 4,000 மிச்சம். 'வரட்டும், பார்த்துக்கலாம்' என்றிருப்பவரே கெட்டிக்காரர்! அந்த ஓட்டையை அடைத்தது இன்னொரு விதி: குழி அமையும்வரை குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் கதை இன்னும் சுவாரசியம். அம்பத்தூரும் ஆவடியும் அன்று தனி நகராட்சிகள். சொந்தக் கிணற்றையும் போரையும் நம்பிய வீடுகள் ஏராளம். இணைப்பே இல்லாத வீட்டில் எதைத் துண்டிப்பது?

என்னைக் கேட்டால், புதுக் கட்டடங்களுக்கான விதிதான் அபாரம். வரைபடத்தில் குழி இல்லையென்றால் பிளான் அப்ரூவல் இல்லை. அதிகாரி தெருத்தெருவாக அலைய வேண்டாம். கட்டுகிறவரே அனுமதி கேட்டு வருவார். இப்படி வேண்டிய விளைவை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஆட்ட விதியைப் பின்னோக்கி அமைக்கும் கலைக்குத்தான் லியோனிட் ஹர்விச் உள்ளிட்ட மூவருக்கு 2007இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆனால் குழியில் வண்டல் அடையும். மணலையும் ஜல்லியையும் அவ்வப்போது அள்ளி, கழுவிப் போட வேண்டும். அதற்கு அப்ரூவல் எதுவும் கிடையாது. பழைய ஆட்டம் மறுபடி ஆரம்பம், இம்முறை தொகைதான் சிறியது.